வீட்டுக்கு நாலு பேர்

தீயில் பொரித்த லேசான கல்லைச் சிமெண்டில் குழைத்து, வேலூரில் அந்தத் தெரு முழுக்க வீடு கட்டிக்கொடுத்தவர் ஏகாம்பரம் மேஸ்திரி. "வெளிச்சூடு துளிகூட உள்ளே வராது" என்று அடித்துச் சொன்னவரும் அவர்தான். உள்ளே இருப்பவர்களின் உடம்புச் சூடு வெளியே போகாது என்பது குடியேறிய பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்று சட்டமே போட்டு, ஆள் எண்ணும் கதவும் மாட்டிவிட்டார்கள்.

மகள் வசந்தி ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்த அன்று, வாசற்கதவு "ஒருவர் அதிகம்" என்றது.

"மூணு நாள் பிள்ளை, அதுவும் ஒரு ஆளா?" என்று மனைவி மரகதம் கதவோடு சண்டைக்குப் போனாள். கதவு மசியவில்லை. மனைவி, மகன், மகள் மூவரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள்.

அவர் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு நாற்பத்தெட்டு டிகிரி வெயிலில் இறங்கினார். பஸ் ஸ்டாப் நிழலில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருமே அவரிடம் வீடு கட்டிக்கொண்டவர்கள். திரும்பிவிடலாமா என்று தயங்கினார்.

எதிர்வீட்டு ஜபார் பாய் நகர்ந்து இடம் விட்டார்.

"வாங்க மேஸ்திரி. பேரனா, பேத்தியா?"

"பேத்தி."

"கொடுத்து வச்சவர். எனக்கு மாப்பிள்ளை. வந்து ஆறு மாசமாச்சு, கிளம்புற மாதிரியே தெரியல."