குறையாத நூறு

“நூறு ஒட்டகம். ஒண்ணு குறைஞ்சாலும் தலையாட்டிட்டு வந்துடாதீங்க” என்றபடி தேநீரை நீட்டினாள் அம்பரோ.

குலத்துப் பெரியவரான அவள் கணவர் கூலேத், சால்வையை உதறித் தோளில் போட்டார். கொலையுண்டது அவருடைய அண்ணன் மகன். அந்த உயிருக்கு ஈடாகத் தரும் ஒட்டகங்களைப் பேச, கொன்றவனின் குலமான எதிர்க்குலத்தார் வேலமரத்தடியில் காத்திருந்தார்கள்.

“மழை பொய்ச்சிருக்கு. அவங்க அவ்வளவுக்கு எங்க போவாங்க? அறுபதோட முடிச்சுக்கலாம்.”

“உங்க தாராளத்தை வேற எங்கயாவது காட்டுங்க.”

“உனக்கு நெஞ்சா கல்லாடி?”

மரத்தடியில் கூலேத் நூறிலிருந்து இறங்கவில்லை. எதிர்க்குலத்தார் கெஞ்சிப் பார்த்தார்கள். கடைசியில், கூடாரம் கூடாரமாகத் திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

மாலையில் திரும்பியவர், “முழுசா நூறு. திருப்திதானே?” என்றார் கசப்போடு.

“நம்ம பசங்க துப்பாக்கியைக் கீழ வெச்சுட்டாங்களா?”

“முழு ஈடும் வாங்கியாச்சு. இனி பழி தீர்க்க எவனுக்கு உரிமை இருக்கு?”

அப்போதுதான் அம்பரோ உட்கார்ந்தாள்.

“அறுபதோட விட்டிருந்தா, மீதிக்கு நம்ம பசங்க என் பொறந்த குலத்துல இருக்கிற தம்பி உசிரை எடுத்திருப்பாங்க. கொன்னது அவன்தான். ஆனா கூடப் பொறந்தவனாச்சே! இனி ஒளிய வேணாம்னு, நாளைக்கு அவனைப் பகல்லயே கிணத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்புங்க.”