தூக்கிய கால்கள்

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஈரத் தரையில் பளபளக்கிறது. நாளை அலுவலகக் கூட்டத்தில் பேசப்போகும் உரையைக் கணவர் நாற்காலியில் சாய்ந்தபடி உரக்கப் படித்துப் பார்க்கிறார். "வீட்டு வேலை பெண்கள் தலையிலேயே விழுவதற்குக் காரணம் என்ன? அது நம் கண்ணுக்கு வேலையாகவே தெரிவதில்லை!" மாப்பைத் தள்ளிக்கொண்டு மனைவி நாற்காலியருகே வருகிறாள். படிப்பதை நிறுத்தாமல், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் இரண்டு காலையும் தூக்கிக்கொள்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இதே அபிநயம்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "எப்படி இருக்கு? கைதட்டுவாங்கல்ல?" என்கிறார், கால் இன்னும் அந்தரத்தில். "தீர்வு அடுத்த பக்கத்துல வருது, கேளு." வாளியில் மிச்சமிருக்கும் அழுக்குத் தண்ணீரை நாற்காலியைச் சுற்றிக் கவிழ்த்துவிட்டு, மாப்பை அவர் மடியில் சாய்க்கிறாள். "தீர்வு வந்தாச்சு, பிடிங்க."