பக்கத்துக் கதிரை

லண்டனில் உயர்தர வகுப்பில் சேர்ந்தபோது துவாரகா குற்றவியலைப் பாடமாக எடுத்தாள். "உனக்கு வேற பாடமே கிடைக்கேல்லையோ?" என்று அம்மா அழுதும் மாற்றவில்லை. தெருச்சண்டையில் ஒருவனைக் குத்திக் கொன்றதற்காக அண்ணன் கஜன் சிறைக்குப் போனதிலிருந்து வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. பதினெட்டு வயதானதும் அவள் தனியாக அவனைப் பார்க்கப் போனாள்.

பார்வையாளர் அறையில் கஜன் மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தான். அவள் படிப்பைக் கேட்டுச் சிரித்தான். "அப்ப என்னைப் பற்றித்தான் படிக்கிறியோ?"

"என்ர வகுப்பில அலீஷா எண்டு ஒருத்தி இருக்கிறாள். நீ குத்தின பொடியன்ர தங்கச்சி."

சிரிப்பு நின்றது. "நீ ஆரெண்டு அவளுக்குத் தெரியுமோ?"

"நான்தான் சொன்னனான். ரெண்டு கிழமை முகம் குடுக்கேல்லை. பிறகு தானா வந்து பக்கத்துக் கதிரையில இருந்தாள். சாகேக்க தன்ர அண்ணன் கடைசியா என்ன சொன்னவன் எண்டு கேட்டாள்."

கஜன் கதவைப் பார்த்தான்.

"கோட்டில நீதிபதிக்குச் சொன்னதை விடு, அண்ணா. நடந்ததைச் சொல்லு. இண்டைக்கு இல்லையெண்டா அடுத்த கிழமையும் வருவன்."

நேரம் முடிந்ததென்று காவலர் குரல் கொடுத்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். கஜன் எழவில்லை.