துரை பங்களாவின் கணப்பு

தோசைப் பொட்டலம் ஆறிக்கொண்டிருந்தது. செம்மேட்டிலிருந்து அதை வாங்கி வந்த கொத்தனார் சின்னுசாமி, மேனேஜர் சுபாஷ் ஓர் அறைக் கதவைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டார்.

“புது மாப்பிள்ளை, பொண்ணுங்க. வெயில் ஏறியும் கதவு தொறக்கல.”

“சின்னஞ்சிறுசுங்க, உடுங்க. எங்கூட்டுக்காரி எங்கீங்க?”

“அத்தாயக்காவா? விருந்தாளி இருந்தா ராத்திரி தங்கல் இங்கதானுங்களே. பின்னால இருக்கும்.”

சின்னுசாமி தூணில் சாய்ந்தார். இந்தப் பங்களாவைப் போல ஆளாளுக்குக் குதறிய கட்டடம் கொல்லிமலையிலேயே கிடையாது. சீமையில் தன் ஊர் மாளிகை மாதிரியே வேண்டுமென்று ஒரு துரை கட்டினான். அடுத்து வந்த காப்பித் தோட்டக்காரர், குளிர்காயும் கணப்பு அடுப்பு இருந்த பெரிய கூடத்தை நடுவில் சுவர் எழுப்பி முன்னும் பின்னுமாக இரண்டு அறையாக்கினார். அடுப்புக்கு இரண்டு பக்கமும் வாய் வந்தது. புகைக்கூண்டு பழையது ஒன்றுதான். பின்னால் வந்தவர் இரண்டு வாயையும் செங்கல் வைத்து அடைத்தார். இப்போது பங்களா சுற்றுலா விடுதி.

“நேத்துக் கணப்பு மூட்டிக் குடுத்தோம். அவங்களுக்கு ஒரே குஷி” என்றான் சுபாஷ்.

“கணப்பா? அது அடைச்சுக் கெடந்துச்சேங்க!”

“சேலத்து ஆளுங்க வந்து ரெண்டு பக்கமும் அடைப்ப ஒடச்சுட்டாங்க. முதலாளிக்குப் பழைய அழகு வேணுமாம்.”

சின்னுசாமி தூணை விட்டு நிமிர்ந்தார். “அடப்பாவி! மழை ஒழுகுதுன்னு கூண்டு உச்சிய கல்லு வெச்சுப் பூசுனவனே நாந்தான்! யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா? புகை எங்கடா போவும்?”

பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடினார். இரண்டு கையாலும் கதவை அறைந்தார். “கண்ணு! சாமி! தொறங்க!” உள்ளே சத்தமில்லை. ஐயோ, என் கையால இரண்டு உயிரா என்று அரற்றினார். தோளால் மோதப் பின்வாங்கினார்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

“புகை... புகை வல்லீங்களா சாமி?”

“இல்லீங்களே. இந்தப் பக்கம் துளிகூட வரல. நல்லாத் தூங்கினோம்.”

சின்னுசாமி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தை விட்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். தெய்வம் காப்பாத்திருச்சு என்று தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டார்.

உள்ளேயிருந்து புதுப்பெண் கேட்டாள்:

“ஏனுங்கண்ணா, வெந்நீர் கேக்கலாம்னு விடிகாலையில அந்தக் கணப்புச் சுவத்தத் தட்டித் தட்டிப் பாத்தோம்... பின் ரூம்ல படுத்திருந்த அக்கா, எந்திரிக்கவே இல்லீங்களே?”