மைக்கில் சொன்னது

“எல்லாரும் எழுந்து நின்னு ஆண்டவரைத் துதிப்போம்,” என்றாள் எப்சிபா. சபை எழுந்தது. கடைசி வரிசையில் அவள் கணவரின் தங்கை கிளாடிஸ் மட்டும் உட்கார்ந்திருந்தாள். மேடையில் கிளாடிஸ் வாசிக்கும் கீபோர்டு உறை கழற்றாமல் கிடந்தது. முந்தின நாள் பாட்டுப் பயிற்சியில் அவள் ஓரிடத்தில் பிசகியபோது, “ஒனக்கென்ன காது கேக்காதா?” என்று எப்சிபா மைக்கிலேயே கேட்டிருந்தாள். கோயில் முழுக்க அது கேட்டது.

முதல் வரியைப் பாட வாய் திறந்த எப்சிபா, பாடவில்லை. மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கினாள். நின்றவர்களுக்கு நடுவே கடைசி வரிசை வரை நடந்துபோய்க் குனிந்தாள்.

“நேத்து நான் பேசுனது தப்பு. மன்னிச்சிரு. ஒன்ன அங்க உக்கார வச்சிட்டு என்னால பாட முடியாது.”

கிளாடிஸ் நிமிரவில்லை. “திட்டுனது மைக்குல. மன்னிப்பு மட்டும் ரகசியமா மைனி? எனக்குத்தான் காது கேக்காதே.”

எப்சிபா வந்த வழியே வேகமாகத் திரும்பி மேடையேறி மைக்கை எடுத்தாள்.

“எல்லாரும் உக்காருங்க. பாட்டுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும்.”

சபை உட்கார்ந்தது. கடைசி வரிசையில் கிளாடிஸ் எழுந்து நின்றாள்.