பேசும் கழுத்துப்பட்டை

பேச்சு சிகிச்சை முதுகலை மாணவி நிலோஃபருக்கு அன்று இறுதித் தேர்வு. பக்கவாதத்தில் பேச்சிழந்த சண்முகவேலின் கழுத்துப்பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஒரு வருடமாக, தொண்டை அசைவிலிருந்து வார்த்தைகளை ஊகித்து அவருக்குப் பதிலாகப் பேசி வந்த கருவி அதுதான்.

"வீட்டுச் சாப்பாடு எப்படி இருக்கு, ஐயா?"

அவர் வாய் கோணத் திணறினார். மனைவி கோமதி அடியெடுத்துக் கொடுக்கப் பார்த்தாள். நிலோஃபர் கையமர்த்தினாள். காத்திருப்பதுதான் வைத்தியம்.

"உ... உப்பே... இல்ல."

தேர்வாளர் முழு மதிப்பெண் போட்டார். கோமதி பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ தெனமும் 'சாப்பாடு பிரமாதம், கோமு'ன்னு சொன்னது யாரும்மா?"

நிலோஃபர் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடமாக அவள் படித்தது, குறுக்கே பேசாமல் காத்திருப்பதைத்தான்.