இருட்டில் வளர்ந்த பெட்டூனியா

பாலக்கோட்டில் நர்சரி நடத்தும் பானுமதியிடம், அருண்குமார் மறுபடியும் அந்தப் பெட்டூனியாத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். தண்டுகள் நெடுநெடுவென்று நீண்டு, நுனியில் மட்டும் ஒரே ஒரு பூ இருந்தது.

"நுனியைக் கிள்ளி வுட்டீங்களா?"

"கிள்ளுனேங்க."

"நல்ல வெயில்ல வெச்சீங்களா?"

"நீங்க சொன்ன மாதிரியேதாங்க."

பானுமதிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் சொன்னபடி வளர்த்த எந்தச் செடியும் இப்படி ஆனதில்லை. தண்டுகளைப் பாதிக்குக் கத்தரித்து அனுப்பியவள், மறுவாரம் நேரில் பார்த்துவிடலாம் என்று அவன் வீட்டுக்கே போய்விட்டாள். அவன் இல்லை. அவனுடைய அக்கா மாடிக்கு அழைத்துப் போனாள்.

மாடி முழுக்கப் பெட்டூனியா. புதராக அடர்ந்து, இலையே தெரியாமல் பூத்துக் கிடந்தது.

"இவ்ளோ நல்லா வளக்கறாரே! அப்ப அந்த ஒரு தொட்டி மட்டும் ஏங்க அப்படி?"

அக்கா சிரித்தாள். "அத மட்டும் படிக்கட்டுக்கு அடியில, இருட்டுல வெக்கறான். செடி நல்லாயிட்டா, அப்புறம் எதைச் சொல்லிட்டு உங்க கடைக்கு வர்றதுன்னு எங்கிட்டயே கேக்கறான்."

பானுமதிக்குக் கோபப்படத்தான் தோன்றியது. ஆனால் சிரிப்புதான் வந்தது.

"பாவம், அதையும் வெயில்ல வெக்கச் சொல்லுங்க" என்றாள். "அவரைச் சும்மாவே வரச் சொல்லுங்க."